அட்வான்ஸ் ஐயாயிரம்

மூக்கையூர் மாதா கெபித் திருவிழாவுக்கு
இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் வாங்கிய
ஐயாயிரம் அட்வான்ஸ்
பெர்க்மான்ஸின் டைரியில் இன்னும் உயிரோடு இருந்தது.
"அதைக் கழிச்சுட்டுத்தான் மிச்சம்" என்றார்.
சரி என்றோம்.
அந்தப் பணம் எப்போதோ அரிசியாகி, ஆக்ஸிமீட்டராகி,
பாடகி முனீஸ்வரியின் மகளுக்குப்
பள்ளிக்கூடமாக இருந்த செல்போனுமாகி
முடிந்துவிட்டது.

போஸ்டரும் அந்த வருஷத்ததுதான்.
தேதிமேல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள்.
அதில் பேஸ் கிட்டாரோடு சிரிக்கிற கிளாட்வின்
தோஹாவில் பெட்டி ஏற்றுகிறான்.

சாயல்குடி தாண்டியதும்
கச்சான் காற்று வேனைச் சாய்க்கப் பார்த்தது.
ஐஸ் பிளாண்டில் இரண்டு வருஷம்
பார் தள்ளிய கை என்னுடையது.
வழியெல்லாம் முழங்காலில் தட்டிப் பார்த்தேன்.
விரல் வந்தது, மணிக்கட்டு வரவில்லை.

தடைக்காலம். போட்டெல்லாம் கரையில்,
ஆம்பிளைகள் எல்லாம் ஊரில்.
உப்புப் பூத்த ஜாக்கைத் துடைத்துப்
பேடில் செருகும்போது கவனித்தேன்:
நாற்காலிக்கு நாற்காலி இடம் விட்டு
உட்கார்ந்திருந்தார்கள்.
யாரும் சொல்லவில்லை. பழக்கம்.
மணலில் இழுத்தால் பிளாஸ்டிக் நாற்காலி சத்தம் போடாது.
அதனால் எந்தப் பாட்டில் நெருங்கினார்கள் என்று
எனக்குத் தெரியாது.
நாலாவது முடிந்து நிமிர்ந்தபோது
ஒருவர் மடியில் ஒருவர் பிள்ளை.

விருப்பச் சீட்டுகள் வரத் தொடங்கின,
நண்டு ஏலச் சீட்டின் முதுகில்,
எடையும் விலையும் மறுபக்கம் தெரிய.
பத்தரைக்கு வந்ததில் பாட்டு இல்லை.
"எங்க வீட்டுக்காரர். போன வருசம் மே பத்தொம்பது.
நாலு பேர் கவர் போட்டுக் கொண்டுபோய் வச்சாங்க.
கொட்டு இல்ல.
இப்ப அடிங்க.
செலஸ்தீனா."
கூடவே எட்டாக மடித்த நூறு ரூபாய்.

"மாதா மேடைய்யா இது" என்றார் பெர்க்மான்ஸ்.
கூட்டத்தில் அவளைத் தேடினார். கண்டுபிடித்தார்.
பிறகு டைரியை மூடிக் கக்கத்தில் வைத்தார்.
அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் பேடில் முப்பத்தேழாம் எண் சாவுக் கொட்டு.
எந்த ஊரிலோ யாரோ அடித்ததைப்
பிடித்து அடைத்த சத்தம்.
இரண்டு வருஷமாக அதைக் கேட்டு
ஒரு போன் வரவில்லை,
சாவு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

நைனா முகம்மது டிரம்பெட்டைத் தூக்கினார்.
முன்பெல்லாம் ஒரே மூச்சில் எட்டுச் சுற்று.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
பதினோரு நாள் குப்புறப் படுத்து வந்தபின்
ஐந்தில் அறுந்துவிடுகிறது.
மாலையிலிருந்து அந்த அறுந்த இடத்தில்
நான் உருட்டி உருட்டி நிரப்பிக்கொண்டிருந்தேன்.
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்தமுறை நிரப்பவில்லை.
ஐந்தில் நின்றார்.
நானும் குச்சியை உயர்த்தி நிறுத்தினேன்.
மைக்கில் அவர் மூச்சு வாங்குவது
மூக்கையூர் முழுக்கக் கேட்டது.
பின்னால் கடல்.
மறுபடி எடுத்தார்.

ஒரு கிழவர் சட்டையைக் கழற்றி
இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட இறங்கினார்.
"எங்க ரூபிக்கும் சேத்து!" என்று ஒரு குரல்.
"மாரியூர் டீச்சருக்கு!"
"எங்கண்ணனுக்கு, எங்கண்ணனுக்கு!"
முனீஸ்வரி ஒவ்வொரு பெயரையும்
வாங்கி மைக்கில் சொன்னாள்.
பாடகிக்குப் பாட வரவில்லை என்று
யாரும் குறை சொல்லவில்லை.
செலஸ்தீனா எழவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
உட்கார்ந்தபடியே கேட்டாள்.

அதன்பின் குத்துப் பாட்டும் உண்டு,
விசிலும் உண்டு.
ஒரு மணிக்குக் கணக்கு.
ஐயாயிரம் கழித்தார், ஒரு பைசா விடாமல்.
நூறு ரூபாயை மட்டும் தனியே நீட்டி
"இது இதுல சேராது" என்றார்.
யார் வைத்துக்கொள்வது என்று தெரியாமல்
வேன் டேஷ்போர்டில் கிடக்கிறது.

நைனா வாய் திறந்து தூங்குகிறார்.
நாளைக்குத் தொண்டியில் கல்யாண ரிசப்ஷன்.
முப்பத்தேழிலிருந்து மறக்காமல்
மாற்றி வைக்க வேண்டும்.